தெரிந்த நாலு பேர்

அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. மாத்தளையில் அவரைப் புகழ்கிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். "ஐயா யாரையும் முகம் வாட அனுப்பினது கிடையாதுங்க" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். முடியாது என்று சொல்ல அவருக்கென்ன தலையெழுத்தா? அதை நம்மிடம் சொல்வதற்கு அவரிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆள் பெரும்பாலும் நமக்கு வேண்டியவராகவே இருப்பார்.

பார்வைக்கு ஒன்றுமில்லாத மனிதர். மெலிந்த உடம்பு, வெள்ளை டிரில் கோட்டு, கஞ்சி மொடமொடக்கும் வேட்டி, நெற்றியில் சின்னதாகச் சந்தனம். கூட்டத்தில் நடு நாற்காலியில் உட்கார மாட்டார். ஓரமாக, கதவுப் பக்கம்தான் உட்காருவார். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் தோளைத் தொட்டு உட்கார வைப்பார். குரல் எழும்பாது. ஒருதரம் பெயர் கேட்டால் பிறகு மறக்கவே மாட்டார். "டீச்சர், அம்மாவுக்கு முழங்கால் வலி எப்பிடி இருக்கு? எண்ணெய் தேய்க்கிறாங்களா?" என்று நடுத்தெருவில் காரை நிறுத்திக் கேட்பார். என் அம்மாவின் முழங்காலை என்னைவிட அவர்தான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அப்படிக் கேட்டால் எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "எனக்கு இந்த அரசியல் கிரசியல் ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்ச நாலு பேர் இருக்காங்க, அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. மேடை ஏறியதில்லை. தேர்தலுக்கு நிற்கச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். அப்படியானால் தேர்தலுக்கு நிற்கிறவன் ஒவ்வொருவனும் ஏன் முதலில் அவர் வீட்டுப் படியேறினான்? இதை நான் கேட்டால் ஊரில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பஸ் கம்பனிக்கு அவர் சேர்மன். எங்கள் பக்கத்து மிளகையும் கொக்கோவையும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிய கம்பனியில் டிரெக்டர். ரப்பர்த் தோட்டக் கம்பனி ஒன்றில் டிரெக்டர். வங்கியின் உள்ளூர்க் குழுவில் ஒருவர். ஆஸ்பத்திரி நலன்புரிச் சபையில் ஒருவர். இதெல்லாம் போதாதென்று நான் படிப்பித்த பாடசாலைக்கும் அவரே மனேஜர். அந்தக் காலத்தில் உதவி பெறும் பாடசாலைகளுக்கு ஒரு மனேஜர் இருப்பார். வாத்தியாரை வைப்பதும் நீக்குவதும் அவர் கையில்தான். எங்கே திரும்பினாலும் ஒரு நாற்காலி, அதில் அவர்.

காசிம் நானாவின் மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று வராந்தாவில் கிடத்தினார்கள். நானா எங்கள் ஊரில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர், அடக்கமான மனிதர். ஓடிப்போய் இவரிடம் சொன்னார். இவர் டெலிபோனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். நானா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதற்குள் பிள்ளை கட்டிலில் கிடந்தான். சாகும்வரை நானா அந்த நன்றியை மறக்கவில்லை. நான் கேட்கிறேன், கட்டில் இருந்ததா இல்லையா? இருந்ததென்றால் அது அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே கிடைத்திருக்க வேண்டியது. நமக்குச் சேரவேண்டியதை எடுத்து நமக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, கும்பிடும் வாங்கிக்கொண்டார் அந்த மனிதர்.

அவரையும் சேர்த்து எண்ணினால், அந்த நாலு பேரையும் ஒன்றாக நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். பாடசாலைக் கடதாசி ஒன்றில் மனேஜரின் கையெழுத்து அவசரமாகத் தேவைப்பட்டது. ரெஸ்ட்ஹவுசில் இருக்கிறார், அங்கே போய் வாங்கு என்று தலைமை வாத்தியார் அனுப்பினார். உள்ளே நீள மேசை. இவர் வழக்கம்போல ஓரத்தில். பக்கத்தில் பரம்பரை நிலபுலன் உள்ள சிங்களப் பெரியவர் ஒருவர். எங்கள் தொகுதி எம்.பி. அந்தப் பெரியவரின் மருமகன். எதிரில் இரும்புக்கடையும் பெற்றோல் ஏஜன்சியும் வைத்திருந்த ஹாஜியார். அதற்கடுத்து, சுதந்திரம் வந்த பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை. ஆள்மாறி ஆள் கோப்பையை நிரப்பி, தோளில் தட்டி, அடேயப்பா, என்ன அன்னியோன்னியம்! வெளியே மொழிச் சண்டையும் சாதிச் சண்டையும் நாறிக்கொண்டிருந்த காலம் அது. இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் ஒற்றுமையாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் என் கண்ணால் கண்டது அந்த மேசையில்தான்.

கூட்டம் எப்போது முடியும் என்று கதவருகே நின்ற பரிமாறுகிற பெரியவரிடம் கேட்டேன். அவர் குறும்புக்காரர்.

"எந்தக் கூட்டத்தக் கேக்குறீங்க டீச்சர்? சூப்பு வந்தப்போ மிளகுக் கம்பனி முடிஞ்சிருச்சு. இப்ப கோழி. அதுனால பஸ் கம்பனி நடக்குது. புடிங் வந்தா பேங்கு. அதுக்குப் பொறவு நீங்க உள்ள போகலாம்."

"ஆட்கள் மாற மாட்டாங்களா?"

"ஆள் எதுக்கு மாறணும்? பிளேட்ட மாத்துறேனே, போதாதா?"

அன்று சிரித்துவிட்டேன். அந்த மேசையில் எங்கள் ஊரும் ஒருநாள் பரிமாறப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் யட்டவத்தைக்கு அப்பால், மலைச்சரிவுக்குள் இருந்தது. யட்டவத்தை வரைக்கும் கம்பனி பஸ் வரும். அதற்குப் பிறகு மாட்டு வண்டிப் பாதைதான். உள்ளே ஒரு சிங்களக் கிராமம், காசிம் நானாவின் கடையும் நாலைந்து முஸ்லிம் வீடுகளும், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள், எங்கள் பாடசாலை. என் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நோயாளியை நாற்காலியில் வைத்துக் கம்பு கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். மிளகையும் வாழைக்குலையையும் தலையில் சுமந்து யட்டவத்தைக்குக் கொண்டுபோனால், அங்கே மிளகுக் கம்பனியின் ஸ்டோர் நிற்கும். அவன் சொன்ன விலைதான் விலை. பஸ் இருந்தால் நேரே மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டுபோகலாமே என்று யோசிக்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

கம்பனி அந்தப் பாதையில் பஸ் விடாது, கட்டுப்படியாகாதாம். வேறு யாராவது விடலாம் என்றால் அதற்கு மோட்டார்க் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்தின் பெர்மிட் வேண்டும். பெர்மிட் கேட்டால் கம்பனி ஆட்சேபிக்கும். தானும் ஓட மாட்டான், மற்றவனையும் ஓட விட மாட்டான்.

கடைசியில் ஊரார் தாங்களே ஒரு பஸ் வாங்குவது என்று தீர்மானித்தார்கள். சங்கம் ஒன்று அமைத்தார்கள். காசிம் நானா தலைவர். நான் காரியதரிசி. சிங்களக் கிராமத்து ரன் பண்டா பொருளாளர். வண்டி ஓட்ட என் அண்ணன். அண்ணன் அப்போது கம்பனியில்தான் டிரைவர். மலைப்பாதையில் அவன் ஓட்டினால் மடியில் இருக்கிற குழந்தை தூக்கத்திலிருந்து எழும்பாது என்று பேர். சொந்த ஊருக்குச் சொந்த வண்டி ஓட்டப் போகிறோம் என்ற நினைப்பிலேயே அவன் நடை மாறிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அவனை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பிறகுதான் நாங்கள் செய்தோம் அந்தக் காரியத்தை. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வாசிகசாலையோ, மரண சகாய சங்கமோ, பந்தடிக்கிற கழகமோ, எது தொடங்கினாலும் பெரிய மனிதர் ஒருவரைப் போசகராக வைக்க வேண்டும். போசகர் இல்லாத சங்கம் வாசற்படி இல்லாத வீடு மாதிரி. அவர் வேலை ஒன்றும் செய்ய வேண்டாம். முதற்கூட்டத்துக்கு வந்து விளக்கேற்றினால் போதும். பஸ் சங்கத்துக்கு யாரைப் போசகராக வைப்பது? பஸ்ஸைப் பற்றித் தெரிந்தவர், செல்வாக்குள்ளவர், நம்மவர் என்று பேசிப் பேசி எங்கே வந்து நின்றார்கள் தெரியுமா? பஸ் கம்பனிச் சேர்மனிடமே!

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நானா, நாம எதிர்த்து நிக்கிறதே அவர் கம்பனிய. அவரையே கொண்டாந்து உள்ள வைக்கிறதா?"

"தங்கச்சி, பெரியவர் ஒருத்தர் இல்லாம இந்த நாட்டுல ஒண்டும் செய்ய ஏலா" என்றார் நானா. "அவர நம்ம பக்கம் எடுத்துட்டா, அவர் கம்பனி நம்மள எப்பிடி எதிர்க்கும்? யோசிச்சுப் பாருங்க."

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை என்று முடிவு செய்தார்கள். வேறு எந்த ஊரார் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள்? தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டோடு போய் அவர் வாசலில் நின்றோம்.

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கூப்பிட்டா வராம இருப்பேனா?" என்றார். எங்கள் எல்லாருக்கும் தன் கையாலேயே தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தார். முதற்கூட்டத்துக்குக் காரை யட்டவத்தையில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். சனங்கள் உருகிப்போனார்கள். விளக்கேற்றிவிட்டுச் சொன்னார்: "பெர்மிட் விசயத்த என்கிட்ட விடுங்க. கந்தோர்ல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நீங்க யாரும் அலைய வேணாம். முதல்ல வண்டிய வாங்குங்க, பெர்மிட் தானா வரும்." வண்டிக்கும் அவரே வழி சொன்னார். கம்பனியில் ஓடித் தேய்ந்த பழைய பஸ் ஒன்று இருந்தது, அதை விலைக்குக் கொடுத்தார். அண்ணன் வேலையை விட்டபோது முதுகில் தட்டி, "போங்க டிரைவர், நம்ம சங்கம்தானே" என்று வழியனுப்பினார்.

அண்ணன் அந்த வண்டியைக் கழற்றி, கழுவி, பூட்டி, மறுபடி புது வண்டியாக்கினான். பலாமரத்தடியில் அதை நிறுத்தி வைத்தோம். காலையில் அவன் எஞ்சினை முடுக்கி, மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மரத்தடியில் நிறுத்துவான். அந்த ஒரு சுற்றுக்குக் கிழவிகள்கூட வந்து ஏறி உட்காருவார்கள். ரன் பண்டா மணியடிப்பார். பெர்மிட் வரும், வரும் என்று இருந்தோம்.

மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், விசாரணை வைத்தார்கள். ஆட்சேபித்தது கம்பனி. கம்பனி வைத்த வக்கீல், ஒரு புரக்டர், எழுந்து, பாதை ஒடுக்கம், பஸ் போனால் உருண்டுவிடும், உயிர்ச்சேதம் வரும் என்று இங்கிலீசில் பொழிந்தார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, சங்கத்தின் சார்பில் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் எழும்புவதற்குள் எங்கள் வாங்குப் பலகையின் ஓரத்திலிருந்து அவர் எழுந்தார். சங்கத்தின் போசகர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். புரக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மக்களின் உயிர்தான் முக்கியம், பாதையை அகலமாக்கும்வரை காத்திருக்கச் சங்கம் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறது என்று அழகான இங்கிலீசில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எதிர்க்கிறவனும் அவர், எதிர்க்கப்படுகிறவனும் அவர், சமாதானம் பேசுகிறவனும் அவர்! எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐயா நமக்காகப் பேசுகிறார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, "இது சங்கத்தின் முடிவு இல்லை, நான் காரியதரிசி, எங்களை யாரும் கேட்கவில்லை" என்று இங்கிலீசில் கத்தினேன். கத்தினேன்தான். அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, யார் இந்தப் பெண் என்று கேட்டார். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "எங்கள் பாடசாலை ஆசிரியை. மிகவும் நல்ல பிள்ளை, கொஞ்சம் படபடப்பு" என்று சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். புரக்டரும் சிரித்தார்.

என்னை உட்கார வைத்தது அவர்கள் இல்லை. பின்னாலிருந்து காசிம் நானாதான். "தங்கச்சி, இருங்க, இருங்க. ஐயா பேசிக்கிட்டு இருக்கக்குள்ள நடுவுல பேசப்படாது." ரன் பண்டாவும் கையால் சைகை காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள்! ஏதாவது காரணம் இருக்கும் என்கிறார்கள்! யட்டவத்தைக்குத் திரும்பும் பஸ்சில் பாதி வழி வந்ததும் நானா என் பக்கத்து சீட்டுக்கு மாறினார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அந்த மனுசன் ரெண்டு பக்கமும் இருந்தாரா தங்கச்சி?"

"ரெண்டு பக்கமும்தான் நானா."

"அல்லாஹ்வே" என்றார்.

மறுவாரம் தலைமை வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். என் அப்பாவின் கூட்டாளி அவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். "மனேஜர் ஐயா ஒண்ணுமே சொல்லலம்மா. அவர் சொல்லவும் மாட்டார். நான்தான் சொல்றேன், நீ இந்தச் சங்கத்த விட்டுரு. உங்கப்பா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பார்" என்றார். ஐயா ஒன்றுமே சொல்லவில்லையாம்! நான் விடவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை என்பது வேறு கதை.

பாதையை அகலமாக்கினார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. எம்.பி. அதற்குப் பணம் ஒதுக்க வைத்தார். கல் வந்தது, தார் வந்தது, ஓவசியர் வந்தார். யட்டவத்தையிலிருந்து தொடங்கி, கம்பனி புதிதாகக் கட்டிய கொக்கோ ஸ்டோர் வாசல் வரைக்கும் வழுவழுவென்று போட்டார்கள். அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் பெரும்பகுதித் தூரம் பாக்கி. இதையெல்லாம் யார் யாரிடம் கேட்டது, யார் எங்கே பேசியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவே தேவையில்லை. சூப்புக்கும் புடிங்குக்கும் நடுவில் முடிகிற காரியம்.

அந்த மழைக்காலத்தில், மிளகுக் கொடிக்கு அடியில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த முத்தம்மா அக்காவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, அடுத்த காம்பிராக்காரி. கால் கறுத்து வீங்கிக்கொண்டே வந்தது. நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே முடிந்துவிடும். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. பலாமரத்தடிக்கு ஓடி வண்டியை எடுத்தான். பஸ் உருண்டுவிடும் என்று புரக்டர் சொன்ன அந்தப் பாதையில், கொட்டுகிற மழையில், ஒரு கல் பெயராமல் ஓட்டி மாத்தளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். முத்தம்மா அக்கா பிழைத்தாள்.

திரும்பி வரும்போது யட்டவத்தைச் சந்தியில் பொலிஸ் நின்றது. பெர்மிட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. நீதவான் கோட்டில் குற்றப்பணம் போட்டார்கள். மோட்டார்க் கந்தோர் அவன் லைசன்ஸை நிறுத்திவிட்டது. பொலிசுக்குச் சொன்னது கம்பனியின் டிக்கட் இன்ஸ்பெக்டர் என்று பிறகு தெரிந்தது. அவனும் அண்ணனோடு ஒன்றாகச் சாப்பிட்டவன்தான்.

லைசன்ஸ் இல்லாத டிரைவர் என்றால் என்ன சொல்வது? அண்ணன் நானாவின் கடையில் மூட்டை தூக்கினான். சாப்பிட உட்கார்ந்தால் அவன் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அப்போதுதான் அவர் எங்கள் காம்பிராவுக்கு வந்தார். பலகையில் உட்கார்ந்து, அம்மாவின் கையால் சாயத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். "டிரைவர், ஒங்க லைசன் விசயம் எனக்கு மனசே சரியில்ல. கண்டியில நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, பேசிப் பாக்குறேன்." கொஞ்சம் பொறுத்து, "சங்கத்து வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குதே. கம்பனியே எடுத்துக்கட்டும். நீங்களே அத ஓட்டுங்க. பாதை சரியானதும் அதே வண்டி ஒங்க ஊருக்கு வரும்" என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. இதைக் கொடுத்தால் அதைத் தருகிறேன் என்று அந்த வாய் சொல்லுமா?

"வண்டி என்னோடது இல்லீங்க, ஊரோடது" என்றான் அண்ணன்.

"ஊரையே கேளுங்க" என்றார் அவர், சாந்தமாக.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் கூட்டம். அண்ணன் எழுந்து நின்று, "எனக்காக விக்க வேணாம். நான் மூட்டை தூக்கிப் பொழச்சுக்குவேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதுதான் வினையாகிவிட்டது. முத்தம்மா அக்கா ஓவென்று அழுதாள். "என்னால போன லைசன்தானே" என்றாள். ரன் பண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி போனால் போகட்டும், பொடியன் பிழைக்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வேண்டாம், வேண்டாம் என்று கரைந்தேன். கை தூக்கச் சொன்னபோது என்னைத் தவிர எல்லாருடைய கையும் எழுந்தது. காசு காசாகச் சேர்த்து வாங்கிய வண்டியை, ஒருவனுக்காக, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் கொடுத்தார்கள் அந்த ஏழைச் சனங்கள். அவருடைய மேசையில் இருந்தவர்களில் ஒருவராவது இப்படி எதையாவது விட்டுக்கொடுத்திருப்பாரா?

அடுத்த மாதமே லைசன்ஸ் வந்தது. சட்டம் சட்டம் என்று குதித்த கந்தோர் எப்படி மனம் மாறியது என்று இன்றுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டிக்குக் கம்பனி நிறம் அடித்து, கண்டிப் பாதையில் விட்டார்கள். அண்ணன் காக்கி உடுத்திக்கொண்டு போனான். ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டால், "பேசிக்கிட்டிருக்காங்களாம்" என்பான்.

வந்தது. தேர்தல் அன்று வந்தது. பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லாரும் லயத்து வாசலுக்கு ஓடினோம். முன்னால் எம்.பி.யின் கட்சிக் கொடி கட்டி, கதவில் கட்சிப் பொடியன் ஒருவன் தொங்கிக்கொண்டு வர, எங்கள் பழைய வண்டி மேடேறி வந்தது. உயிர்ச்சேதம் வரும் என்று சொன்ன அதே பாதை! ஸ்டோருக்கு இப்பால் ஒரு கல்லைக்கூட மாற்றாத பாதை! அன்றைக்கு மட்டும் அது பஸ் போகிற பாதையாகிவிட்டது. ஸ்டியரிங்கில் அண்ணன். பின்னால் அவருடைய கார்.

கிராமத்துச் சனங்கள் ஏறினார்கள். அவர்களுக்கு வோட்டு உண்டு. லயத்தில் எங்களுக்குக் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் தோட்டத்து ஆட்களின் பிரசாவுரிமையைப் பறித்தபோதே வோட்டும் போய்விட்டது. நாங்கள் பாதையோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். முத்தம்மா அக்கா மட்டும் நிற்கவில்லை. அன்று அவள் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். நல்ல சேலை உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து, அண்ணனுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்சிப் பொடியன் வந்து பெயர் கேட்டான். பட்டியலில் இல்லை, இறங்கு என்றான். அவள் அசையவில்லை. அதற்குள் அவர் காரிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"எப்பிடிம்மா இருக்கீங்க? கால் வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டார். பாம்பு கடித்தது எந்தக் கால் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

"வத்தலீங்க ஐயா. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கிப் போறேன். இந்தப் பய எறங்கச் சொல்றான். இது எங்க வண்டி இல்லீங்களா? தம்பி என்னைய உசுரோட கொண்டுபோன வண்டிங்க."

"ஆமாம்மா, ஒங்க வண்டிதான். யாரு இல்லேன்னது?" என்றார் அவர், சிரித்த முகமாக. பிறகு முன்னால் நடந்து அண்ணனின் ஜன்னலுக்கு வந்தார். அவன் தோளில் கை வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மெதுவாகத்தான் சொன்னார். "டிரைவர், நேரமாகுது. நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அண்ணன் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்குங்க அக்கா" என்றான்.

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லைபோல. "என்னா தம்பி?" என்றாள்.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்தது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவரே கையைப் பிடித்து, பார்த்து இறங்குங்க அம்மா, பார்த்து என்று இறக்கிவிட்டார். நாளைக்குக் கார் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். வண்டியும் காரும் வளைவில் மறையும்வரைக்கும் நாங்கள் அங்கேயே நின்றோம்.

முத்தம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா எம்புட்டுத் தன்மையாப் பேசினாரு, பாத்தீங்களா டீச்சர்" என்றாள். "தம்பிக்கித்தான் எம்மேல என்னா கோவமோ."